அரசியின் செங்கோல்

சித்திரைத் திங்கள் வந்துவிட்டால் மதுரை மாநகருக்குத் தூக்கமில்லை. தெருவெல்லாம் தோரணம், திண்ணையெல்லாம் விருந்தினர், வைகைக் கரையெல்லாம் மக்கள் கடல்! அந்தத் திருவிழாவின் எட்டாம் நாள், அங்கயற்கண்ணி அம்மைக்கு முடிசூட்டு விழா நடக்கிறது. பாண்டியர் குலத்துக்குரிய வேப்பமலர் மாலை அணிவித்து, மணிமுடி தரித்து, கையிலே செங்கோலும் கொடுக்கிறார்கள். அன்று முதல் மதுரையை ஆள்பவள் அவளே என்பது மரபு. ஒன்பதாம் நாள், எண்திசையும் வென்ற உலா. பத்தாம் நாள், திருமணம்.

எட்டாம் நாள் அரசி. பத்தாம் நாள் மணமகள். முடி சூடிய களிப்பு அடங்குமுன் மணமாலை கழுத்திலே விழுகிறது! விழாவின் விறுவிறுப்பிலே இதனை எண்ணிப் பார்க்க எவருக்கும் நேரமிருப்பதில்லை.

முடிசூட்டு நாளன்று அம்மையின் கையிலிருந்து செங்கோலை வாங்கி, திருச்சுற்றிலே வலம் வந்து, மீண்டும் அவளிடமே சேர்ப்பிக்கும் உரிமை கோயில் அறங்காவலர் தலைமையில் இருப்பவருக்கு உண்டு. 2024ஆம் ஆண்டு அந்தப் பொறுப்பிலே இருந்தவர் ஒரு பெண்மணி. கணவரை இழந்தவர். அது போதாதா! "கைம்பெண் கையில் செங்கோல் தரலாமா? ஆகமம் அடுக்குமா?" என்று கேட்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலே வழக்கே தொடுத்துவிட்டனர். நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்துத் தள்ளுபடி செய்தது. சட்டம் தன் கடமையைச் செய்தது, நன்று.

ஆனால், சட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாலேயே உள்ளத்திலே ஊறிப்போன எண்ணம் உலர்ந்துவிடுமா? செங்கோல் தருபவள் பெண். அதனைப் பெறுபவர் பெண்ணாக இருந்தால் மட்டும் குற்றமா? குங்குமம் இழந்தவள் கோல் தொட்டால் கோல் தீட்டாகிவிடுமா? இந்தக் கேள்விகளை அந்தக் கோயிலிடமே கேட்போம். அதன் கதையைக் கேட்போம், கல்லைக் கேட்போம், அங்கே தீட்டிய ஓவியத்தையும் கேட்போம். "மரபு, மரபு" என்று மார்தட்டுகிறார்களே, அந்த மரபு என்னதான் சொல்கிறது என்று பார்ப்போம், வாருங்கள்.

முதலில் புராணம் பேசட்டும். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை இது. மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் பிள்ளை இல்லை. தொண்ணூற்றொன்பது பரிவேள்வி செய்தான் மன்னன். இன்னும் ஒன்று செய்தால் தன் பதவி பறிபோகுமே என்று பதறினானாம் இந்திரன், "பிள்ளைதானே வேண்டும்? அதற்குரிய வேள்வியைச் செய்" என்று வழிகாட்டினானாம். அவ்வாறே செய்தான் பாண்டியன். ஆண்மகவு வேண்டி வளர்த்த வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையொன்று எழுந்து வந்தது! அதுவும் மூன்று மார்புகளுடன். மன்னன் மனம் கலங்கினான். மகனைக் கேட்டால் மகள். மகளும் இப்படியா என்று வருந்தினான். "மகனை வளர்ப்பதுபோல் வளர்த்திடு, முடிசூட்டு, தனக்குரிய கணவனைக் காணும்போது மூன்றாவது மறையும்" என்று வானொலி கேட்டதாம்.

தடாதகை என்று பெயரிட்டனர். படைக்கலம் பயின்றாள், பரியேறினாள், கரியேறினாள், தந்தைக்குப்பின் முடி சூடினாள். நாடுகள் பல வென்று, வடக்கே கயிலைவரை படை நடத்தினாள். கயிலைக் கணங்களையும் கலக்கினாள். எதிரே சிவன் வந்தான். கண்டாள், மூன்றாவது மறைந்தது, வில் தாழ்ந்தது, நாணம் வந்தது, கால் விரலால் நிலம் கீறி நின்றாள். பிறகு மதுரையிலே மணம். மணம் முடிந்ததும் சிவன் சுந்தர பாண்டியனாக அரியணை ஏறி அரசாண்டான் என்கிறது புராணம். அப்படியானால், எண்திசையும் வென்றவள் என்ன ஆனாள்? கணவனுக்கு அருகிலே அமர்ந்தாள்!

கதையைக் கட்டியவர் உள்ளக் கிடக்கை தெரிகிறதல்லவா? பெண் ஆண்டாள் என்ற பழைய நினைவை அவர்களால் அழிக்க முடியவில்லை. மக்கள் மனத்திலே அது அத்தனை ஆழமாக வேரூன்றியிருந்தது. ஆகவே, ஆட்சியை ஒப்புக்கொண்டு, அதற்கோர் எல்லையும் கட்டினார்கள். வீரம் இருக்கும்வரை அவளிடம் ஏதோ ஒன்று கூடுதலாக, கோணலாக இருந்தது என்றும், கணவன் வந்ததும் அது சரியாகிவிட்டது என்றும் கதை பின்னினார்கள். ஆண்டுத் திருவிழாக் கணக்கிலும் இதே பங்கீடுதான். சித்திரை முதல் ஆவணி வரையுள்ள நான்கு திங்கள் அம்மையின் ஆட்சி. எஞ்சிய எட்டுத் திங்கள் அப்பனின் ஆட்சி! வென்றவளுக்கு ஒரு பங்கு, வந்தவருக்கு இரு பங்கு!

பெண்ணாட்சி என்பது புராணப் பாவலரின் கற்பனைதானா? இல்லை என்று ஐயுறுவதற்கு ஒரு பழஞ்சான்று உண்டு. அது தமிழ்நாட்டுச் சான்றுகூட அன்று. கிறித்து பிறப்பதற்குச் சற்றேறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, மௌரியச் சந்திரகுப்தன் அவைக்குத் தூதனாக வந்த மெகசுதனிசு என்ற கிரேக்கன் எழுதி வைத்தான். அவன் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பின்வந்த எழுத்தாளர்கள் எடுத்தாண்ட பகுதிகளே கிடைக்கின்றன. எரக்குலிசு என்பவன் தன் மகள் பாண்டையா என்பாளுக்குத் தெற்கே கடல்வரை பரந்த நாட்டை ஆளத் தந்தான். 500 யானையும், 4,000 குதிரையும், 1,30,000 காலாளும் அவளுக்குப் படையாக அமைந்தன என்கின்றன அக்குறிப்புகள். இந்திய நாட்டிலே பெண்கள் ஆளும் ஒரே குலம் பாண்டிய குலம் என்று உரோம நாட்டுப் பிளினியும் எழுதினான்.

கடல் கடந்தவன் காதில் விழுந்த செய்தி இது. எண்ணிக்கையிலே மிகை இருக்கலாம். கேட்டதைக் கேட்டபடி எழுதிய குழப்பமும் இருக்கலாம். எனினும், பாண்டியர் என்றதும் பெண்ணரசு என்ற பேச்சு அன்றே பாடலிபுத்திரம்வரை பரவியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. திருவிளையாடற் புராணம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே தடாதகையின் நிழல் வரலாற்றிலே விழுந்திருக்கிறது!

அடுத்து, சிலம்பைக் கேட்போம். இளங்கோவின் மதுரையிலே மீனாட்சி என்ற பெயர் இல்லை. அந்நகரின் காவல் தெய்வம் மதுராபதி. அந்த மதுரைக்குத்தான் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி வந்தாள். யார் அவள்? அன்றுதான் கணவனை இழந்தவள். கைம்பெண்! குழல் விரித்து, கண்ணீர் பெருக்கி, காவலாளி கலங்க, அரசவைக்குள்ளே புகுந்தாள். அப்படிப்பட்டவள் கண்ணில் பட்டாலே கேடு என்று கருதும் கூட்டம், அன்றைய மதுரையிலே வாயிற்கதவை அடைத்திருந்தால் சிலப்பதிகாரம் ஏது? நீதி ஏது? வழக்கை உரைத்தாள், சிலம்பை உடைத்தாள், முத்து இருக்க வேண்டிய இடத்திலே மாணிக்கம் தெறித்தது. தன் செங்கோல் வளைந்ததை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் நீத்தான். வளைந்த கோலை உயிர் கொடுத்து நிமிர்த்தினான் பாண்டியன். அவ்வாறு நிமிர்த்த வைத்தவள் ஒரு கைம்பெண்.

மதுரை எரிந்தது. நகர்த் தெய்வம் மதுராபதி, கண்ணகியின் முன்னே வந்து நிற்கவும் அஞ்சி, பின்னே நின்று பேசினாள் என்று பாடினார் இளங்கோ. தெய்வமே அஞ்சி நின்றது கணவனை இழந்தாளொருத்தி முன்! அவளைக் கண்டு தீட்டென்று ஒதுங்கவில்லை. அவளுடைய அறத்தைக் கண்டு ஒடுங்கியது. இது தமிழ் மரபா, அன்றா? மரபு காக்கப் புறப்பட்டவர்கள் மறுமொழி கூறட்டும்.

ஒரே நகர், இரண்டு கதைகள். புராணத்துத் தடாதகை மார்பொன்று மறைந்ததும் வில்லைத் தாழ்த்தினாள். காப்பியத்துக் கண்ணகி மார்பொன்றைத் திருகி எறிந்து நகரை எரித்தாள். முன்னதிலே கணவன் வருகிறான், பெண்ணின் வீரம் போகிறது. பின்னதிலே கணவன் போகிறான், பெண்ணின் வீரம் வருகிறது. முதற் கதைக்குத் திருவிழா எடுத்து ஆண்டுதோறும் ஆடிப் பாடுகிறோம். இரண்டாவது கதையின் நாயகியைப் போன்றவளுக்குச் செங்கோல் தொடவும் உரிமை இல்லை என்று வழக்காடுகிறோம்!

கோயிலின் கல் வரலாற்றுக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டிலே ஆலவாய்க்கு வந்து பாடிய சம்பந்தர், அங்கயற்கண்ணி என்று அம்மையைக் குறித்தார். அழகிய கயல் போன்ற கண்ணுடையாள் என்பது அதன் பொருள். கயல், பாண்டியன் கொடியிலே பறந்த மீன். அந்த அருந்தமிழ்ப் பெயர் இருக்க, மீனாட்சி என்ற பெயரே நாளடைவில் நாவிலே நிலைத்தது. சம்பந்தரை மதுரைக்கு அழைத்தவள் யார்? பாண்டிமாதேவி மங்கையர்க்கரசி. சமணம் சார்ந்திருந்த மன்னனைச் சைவத்துக்குத் திருப்பியதிலே அவளுக்குப் பெரும்பங்கு உண்டு என்று சைவ நூல்களே போற்றுகின்றன. அதன் முடிவிலே எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்று புராணம் பெருமை பேசுவது வேறு செய்தி. நாகரிக மாந்தர் நாணத்தக்க செய்தி. இங்கே நாம் குறிப்பது ஒன்றே: அரசனின் சமயத்தையே ஓர் அரசி மாற்றினாள் என்று ஒப்புக்கொள்கிற கோயில் இது.

இன்று நாம் காணும் கற்கோயில் ஒரே நாளில் எழுந்ததன்று; இந்திரன் கட்டியதுமன்று. கிழக்குக் கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மேற்குக் கோபுரம் அடுத்த நூற்றாண்டினது. 1311இல் மாலிக் காபூர் படை மதுரையைச் சூறையாடியது. பின்னர்ச் சுல்தான்கள் ஆட்சி நடந்தது. 1371ஐ ஒட்டி விசயநகரத்துக் குமார கம்பணன் வந்து மதுரையைக் கைப்பற்றினான். அந்த வெற்றியைக் காப்பியமாக வடமொழியிலே எழுதியவர் யார் தெரியுமா? அவன் மனைவி கங்காதேவி! மதுரா விசயம் என்பது நூலின் பெயர். ஆடவர் வாள் சுழற்றிய கதையையும் நமக்குச் சொல்ல ஒரு பெண்ணின் எழுதுகோல் வேண்டியிருந்தது.

நாயக்கர் காலத்திலே கோயில் இன்றைய பேருருவம் பெற்றது. 160 அடிக்கும் மேலாக ஓங்கி நிற்கும் தெற்குக் கோபுரம் 1559இல் செவ்வந்திச் செட்டியார் கட்டியது. 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபம் 1569ஐ ஒட்டி அரியநாத முதலியாரால் எழுந்தது. அம்மையைக் காண நுழைகின்றோமே, அந்த அட்டசத்தி மண்டபம், திருமலை நாயக்கரின் மனைவியர் இருவர் கட்டுவித்தது. மொட்டைக் கோபுரம் என்று பெயர் பெற்றிருந்த வடக்குக் கோபுரத்தின் மேற்பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் நாட்டுக்கோட்டை நகரத்தார் முடித்தனர். மண் சுமந்தவர், கல் உடைத்தவர், சுண்ணாம்பு குழைத்தவர் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தாம், மாசியிலே நடந்த திருமணத் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது மதுரை அறிந்த செய்தி. அதனால்தான் ஒரு விந்தை இன்றும் நிகழ்கிறது. சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியிலே ஓடுவதில்லை. மாசி வீதிகளிலே ஓடுகிறது! திங்கள் மாறியது, தெரு மாறவில்லை. மரபு மாறாதது, மாற்றலாகாதது என்பார்க்கு அந்தத் தேரே விடை சொல்லிக்கொண்டு ஆண்டுதோறும் உருண்டு வருகிறது. மன்னன் விரும்பினால் தெய்வத்தின் திருமண நாளே மாறலாம். மக்கள் நீதி விரும்பினால் மட்டும் மரபு மலையாகிவிடுமா?

இனி, ஊஞ்சல் மண்டபத்துக்கு வாருங்கள். மேலே நிமிர்ந்து பாருங்கள். மீனாட்சி திருமணக் காட்சியைத் தீட்டிய ஓவியத்திலே, அரச உடையணிந்து நிற்கிறாள் ஒரு மூதாட்டி. உடன் ஓர் இளவல். அவள் இராணி மங்கம்மாள்; அவன் அவள் பேரன் விசயரங்க சொக்கநாதன். அவள் வரலாறு என்ன? கணவன் சொக்கநாத நாயக்கன் 1682இல் மறைந்தான். உடன்கட்டை ஏறவில்லை மங்கம்மாள். மகனுக்குத் துணை நின்றாள். 1689இல் அவனும் மாண்டான். பேரனோ கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரால், 1706 வரை, பதினேழு ஆண்டுகள் நாட்டை ஆண்டாள் அந்தக் கைம்பெண். முகலாயப் பெரும்படை தெற்கே வந்து அச்சுறுத்திய காலம் அது. தஞ்சை ஒரு பக்கம், மைசூர் ஒரு பக்கம், திருவிதாங்கூர் ஒரு பக்கம். போர் வேண்டிய இடத்தில் போர், பொருள் வேண்டிய இடத்தில் பொருள், பொறுமை வேண்டிய இடத்தில் பொறுமை என்று நாட்டைக் காத்தாள். சாலை அமைத்தாள், நிழல் மரம் நட்டாள், சத்திரம் கட்டினாள். மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே அவள் பெயரைத் தாங்கிய சத்திரத்தை அறியாத மதுரையார் உண்டா?

அந்தப் பேரனும் மைந்தனின்றி மாண்டான். அவன் மனைவி ஆட்சி ஏற்றாள். அவள் பெயரே மீனாட்சி! பெண் ஆள்வதா என்று பங்காளி கிளம்பினான், பகை மூண்டது. காக்க வந்தவன்போல் ஆற்காட்டுச் சந்தா சாகிப் வந்தான், நம்பச் செய்தான், ஆணையிட்டான், பின்னர் அவளையே சிறை வைத்தான். நஞ்சுண்டு மாண்டாள் மீனாட்சி. அத்தோடு 1736ஐ ஒட்டி மதுரை நாயக்கர் ஆட்சியும் முடிந்தது. தடாதகை கதையாகப் பிறந்து அரசியானாள். இந்த மீனாட்சி அரசியாக இருந்து கதையானாள். கணவனை இழந்த பின்னரே செங்கோல் ஏந்தியவர்கள் மங்கம்மாளும் மீனாட்சியும். அவர்கள் தொட்டதால் கோல் தீட்டாகவில்லை, கோயிலும் தீட்டாகவில்லை. மங்கம்மாளின் உருவத்தை மண்டபத்து மேற்கூரையிலேயே தீட்டி வைத்தார்கள், அம்மையின் திருமணத்துக்கு அருகிலே!

ஆக, கதை சொல்வது பெண்ணாட்சி. கிரேக்கன் சொல்வது பெண்ணாட்சி. ஓவியம் சொல்வது கைம்பெண்ணின் ஆட்சி. 2024இல் வழக்காடியவர்கள் எந்த மரபைச் சொன்னார்கள்? அந்த மரபைச் சொன்ன குரல் புதிய குரலன்று. அதே குரலை இந்த அம்மையின் பெயரிலேயே முன்னரும் கேட்டிருக்கிறோம்.

1897இல், இராமநாதபுரத்தைச் சார்ந்த கமுதியிலே, மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் மக்கள் நுழைந்தனர். வழக்கு மூண்டது. கீழ்மன்றம், மேல்மன்றம், கடைசியாகக் கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1908இல் தீர்ப்பு வந்தது: நுழைய உரிமை இல்லை! காரணம்? வழக்கம்! வெள்ளைக்காரன் நாட்டு நீதிமன்றமும் வழக்கத்தின் காலடியிலே வணங்கி நின்றது.

ஆனால், வழக்கத்தின் ஆயுள் எவ்வளவு? முப்பத்தோராண்டுகள்தாம்! 1939 சூலை 8ஆம் நாள், மதுரைக் கோயிலுக்குள்ளே தாழ்த்தப்பட்ட மக்கள் ஐவரையும், நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தார் வைத்தியநாத ஐயர். அந்த ஐவருள் ஒருவர் கக்கன். பின்னாளிலே இந்நாட்டின் அமைச்சராக விளங்கியவர். நிருவாக அலுவலராயிருந்த ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். வைதிகம் வெகுண்டது. கோயில் கெட்டது, தெய்வம் வெளியேறியது என்றனர் சிலர். வெளியே வேறிடத்தில் வழிபாடும் நடத்திப் பார்த்தனர். கோயில் கெடவில்லை; கூட்டம் குறையவில்லை; கோபுரம் சாயவில்லை. நுழைவுக்குத் துணை நின்றோரைக் காக்க அதே ஆண்டிலே சட்டம் வந்தது. 1947இல் அனைவர்க்கும் கோயிற்கதவைத் திறக்கும் சட்டமும் வந்தது. அன்று எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கதையைக் கேட்டால், "இப்படியும் ஒரு காலம் இருந்ததா!" என்று வியக்கின்றனர்.

கதவு திறந்தது; கருவறையோ? அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக 1970இல் தமிழகம் சட்டம் செய்தது. வழக்குகள் அதனை வழிமறித்தன. நெடுங்காலம் கழித்து, 2021இல், பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகர்களாகப் பணியமர்த்தப்பட்டனர். 2023இல் மூன்று பெண்களும் அர்ச்சகர் பயிற்சியை முடித்தனர். அம்மனுக்கு ஆடை உடுத்தவும் ஆடவன்தான் வரவேண்டும் என்ற விதியை, எதிர்காலம் எப்படி நோக்கும் என்பதை நாம் இப்போதே ஊகிக்கலாம்.

தோழர்களே! தெய்வம் உண்டென்பார்க்கும் இல்லையென்பார்க்கும் இடையிலான வாதத்தை இங்கே நான் எழுப்பவில்லை. கும்பிடுவோரும் கும்பிடாதோரும் ஒருங்கே எண்ண வேண்டிய ஒன்றையே சொல்கிறேன். பெண்ணுக்கு முடிசூட்டி, "தாயே, நீயே ஆள்பவள்" என்று கைகூப்பும் சமுதாயம், வீட்டுக்குத் திரும்பியதும் என்ன செய்கிறது? மகனுக்காக ஏங்குகிறது, மலயத்துவசன்போல் மகளைக் கண்டு மனம் கலங்குகிறது. கணவனை இழந்த தமக்கையைத் திருமண வீட்டின் பின்கட்டிலே நிறுத்துகிறது. வாழ்த்த வேண்டிய தாயே, தன் மகன் மணமேடையிலே அமர்ந்திருக்க, தூணோரம் ஒதுங்கி நிற்கிறாள். கண்ணகிக்குச் சிலை, கண்ணகி நிலையிலுள்ள தங்கைக்கு மூலை! கல்லிலே பெண் இருந்தால் காலில் விழுவோம்; கண்ணெதிரே பெண் இருந்தால் காலைக் கட்டுவோம் என்றால், அந்தப் பக்திக்குப் பொருள் என்ன?

அடுத்த சித்திரையும் வரும். எட்டாம் நாளும் வரும். வேப்பமலர் மாலை மணக்கும், மணிமுடி மின்னும், அம்மையின் கையிலே செங்கோல் விளங்கும். அந்தக் காட்சியைக் காணப் போகும் அன்பர்கள், ஊஞ்சல் மண்டபத்தின் மேற்கூரையையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். பிறகு வீட்டுக்குத் திரும்பி, பின்கட்டிலே ஒதுங்கி நிற்கும் தாயையோ தமக்கையையோ கைபற்றி முன்கட்டுக்கு அழைத்து வரட்டும். முடிசூட்டு விழாவுக்குப் பொருள் அன்றைக்குத்தான் பிறக்கும்.